பழைய பந்தயக் குதிரை வாங்கலாமா?

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார். குதிரை வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார். பட்டுப்புடவை வாங்கப் போகிறவர் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்ப்பார். சரி, மணிக்கு 280 கிலோ மீட்டர் பறக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட்ஹாண்டில் வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

"நமக்கு எதற்கு இந்தச் சமாசாரம்? நாம் என்ன பந்தயத்துக்கா போகிறோம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது வெறும் மோட்டார் விஷயம் அல்ல. எந்த இடத்தில் சிக்கனம் பிடிக்கலாம், எந்த இடத்தில் பிடிக்கக் கூடாது என்பதைப் பற்றிய கதை. அந்தக் கலையில் குடும்பம் நடத்துகிற உங்களைவிடக் கைதேர்ந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? ஒரு பெரிய தொழிற்சாலையே அதில் எப்படித் தேறியது, எங்கே இடறியது என்று கேட்டால் உங்களுக்கு ஸ்வாரஸ்யமாகவே இருக்கும்.

கதாநாயகி, ஜெர்மனியில் பிறந்த போர்ஷே 911 என்ற இரண்டு கதவு கூப்பே.

பூஜ்யத்தால் வந்த வழக்கு

ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் என்று ஒரு நகரம். குதிரைப் பண்ணையிலிருந்து பெயர் பெற்ற ஊர் அது. அதனால் அந்த ஊர்ச் சின்னத்திலும் குதிரை. அங்கே பிறந்த போர்ஷே காரின் நெற்றிச் சின்னத்திலும் குதிரை.

1963-ம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் முதன் முதலாகத் தலை காட்டியது. உருவம் வகுத்தவர் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. 'வண்டு' என்று உலகமெல்லாம் செல்லமாக அழைக்கப்பட்ட வோக்ஸ்வாகன் காரை உருவாக்கிய தாத்தாவின் பேரன். அப்போது காரின் பெயர் 901. பிறகு பிரான்ஸிலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் எல்லாம் எங்கள் நாட்டில் எங்களுக்கே சொந்தம் என்றது பெஜோ கம்பெனி. "பூஜ்யத்துக்காகச் சண்டையா?" என்று போர்ஷேக்காரர்கள் அதை ஒன்றாக்கிவிட்டார்கள். 901 போய் 911 வந்தது. அந்தப் பெயர் இன்று வரை நிலைத்துவிட்டது.

மற்றக் கார்களுக்கு இஞ்சின் முன்னால் இருக்கும். இதற்குப் பின்னால், அதுவும் பின் சக்கரங்களுக்கும் பின்னால். பெட்டி படுக்கை வைக்கும் இடம் முன்பக்கம். வண்டியின் எடையில் சுமார் 60 சதவிகிதம் பின் சக்கரங்களின் மேல் விழுகிறது. இஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான். 1964 முதல் 1998 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், இப்படியே ஓடியது.

ரம்பம் எடுத்த தலைவர்

ஆனால் அழகு மட்டும் அடுப்பெரிக்குமா? 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 50,000 கார்களுக்கு மேல் விற்ற கம்பெனி, 1990-களின் தொடக்கத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட விற்க முடியாமல் தவித்தது. திவாலாகிவிடும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. அந்த நெருக்கடியில் பொறுப்புக்கு வந்தவர் வென்டலின் வீடகிங். அவர் ஒரு காரியம் செய்தார். டொயோட்டா முறையில் கைதேர்ந்த ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்து, "எங்கள் தொழிற்சாலையில் என்ன தப்பு, சொல்லுங்கள்" என்றார்.

ஜப்பானியர்கள் வந்து பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே எழும்பிய அலமாரிகள். அவை நிறைய உதிரிச் சாமான்கள். வேலைக்காரர்கள் ஏணி போட்டு ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதச் சாமானை மூன்று மாதத்துக்கு வாங்கிப் பரணில் அடைத்துவிட்டு, பெருங்காய டப்பாவைத் தேடி அலையும் வீடு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. வீடகிங் தம் கையாலேயே ரம்பத்தை எடுத்து அலமாரி வரிசையின் மேல் பாதியை அறுத்துத் தள்ளினார். வேண்டியது வேண்டியபோது வந்தால் போதும் என்பது அன்று முதல் அங்கே சட்டமாயிற்று.

இரண்டாவது சிக்கனம், இரண்டு கார்களை ஒரே சமயத்தில் உருவாக்கியது. 1996-ல் பாக்ஸ்டர் என்ற விலை குறைந்த திறந்த கார் வந்தது. 1997-ல் புதிய 911 வந்தது. தொழிற்சாலைக்குள் அதற்கு 996 என்று எண். அக்காவுக்குத் தைத்த பாவாடையைத் தங்கைக்கும் கட்டிவிடுவது போல, கதவுகள், முன் விளக்குகள், முன்பக்கத் தகடுகள் எல்லாம் இரண்டுக்கும் பொது. புகை, சத்தம் பற்றிய சட்டங்கள் கடுமையாகிவிட்டபடியால் இஞ்சினும் தண்ணீரில் குளிரும் புது இஞ்சின் ஆயிற்று. 3.4 லிட்டர், 300 குதிரை சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோ மீட்டர் வேகத்தை எட்ட 5.2 விநாடி போதும்!

பழைய ரசிகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "தண்ணீர் ஊற்றுகிற 911 ஒரு 911-ஆ?" என்றார்கள். கண்ணோரம் ஒழுகினாற்போல் இருந்த முன் விளக்குகளுக்குப் 'பொரித்த முட்டை' என்று பெயர் சூட்டிச் சிரித்தார்கள். ஆனால் கம்பெனி பிழைத்தது. சுமார் 1,75,000 கார்கள் இந்த வகையில் செய்யப்பட்டன. சிக்கனம் வென்றது.

வென்றதா? சற்றுப் பொறுங்கள்.

சுண்டைக்காய் கால் பணம்

கார் இஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் என்ற பிரதானத் தண்டு சுழல்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுகள் வேறே இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே நின்று, சங்கிலிகள் மூலம் சுழற்சியைக் கொண்டு சேர்க்கும் தரகர் ஒருவர் இந்த இஞ்சினில் உண்டு. அவர் பெயர் இடைத்தண்டு. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு சின்னப் பால் பேரிங்.

அந்தப் பேரிங்குக்குள் கிரீஸை வைத்து, இரு புறமும் மூடி போட்டிருந்தார்கள். ஆனால் நாளாவட்டத்தில் இஞ்சின் எண்ணெய் கொஞ்சங் கொஞ்சமாக மூடியைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. உள்ளே புகுந்த எண்ணெயோ வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து கெடுகிறது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி பட்ட கதைதான். பேரிங் தேய்கிறது, ஒரு நாள் உடைகிறது. தண்டு இடம் பெயர்கிறது. சங்கிலி தாளம் தவறுகிறது. மேலே வரும் பிஸ்டன், மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்து கிடக்கும் வால்வின் மேல் மோதுகிறது. சில விநாடிகளில் இஞ்சின் முழுவதும் பாழ்!

புது இஞ்சின் போடுகிற செலவு, சில சமயம் அந்தப் பழைய காரை வாங்கிய விலையையே தொட்டுவிடும். சேமிப்பையெல்லாம் திரட்டி ஆசையாக வாங்கின தம்பதிக்கு அது எப்படிப்பட்ட இடி என்று நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றிய அந்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. பயந்துவிட வேண்டாம், இந்தக் கதிக்கு ஆளானவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவுதான். ஆரம்ப கால வண்டிகளில் இரட்டை வரிசைப் பேரிங் இருந்தது. அது அவ்வளவாகத் தொல்லை தரவில்லை. 2000-க்குப் பிறகு வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் சோதித்தது. 2006 வாக்கில் பெரிய பேரிங் போட்டார்கள். 2009 மாடலில் இஞ்சினையே புதிதாக வகுத்து, அந்த இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள். ஹன்ஸ் மெட்ஸ்கர் என்ற மேதை வகுத்த பந்தய இஞ்சினின் வம்சத்தைச் சேர்ந்த டர்போ, ஜி.டி.3 வண்டிகளுக்கு ஆதி முதலே இந்த நோய் கிடையாது. அவற்றின் விலையும் அதற்கேற்ப வானத்தில்தான்.

நோய்க்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. பழைய பேரிங்கை எடுத்துவிட்டு உறுதியான புதுப் பேரிங் போடலாம். பேரிங்கின் விலை பெரிதல்ல. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கியர் பெட்டியை இறக்க வேண்டும். கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இங்கேதான் சாமர்த்தியசாலிகள் ஒரு யுக்தி செய்கிறார்கள். கிளட்ச் எப்படியும் ஒரு நாள் தேயும்; அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். அப்போதே பேரிங்கையும், எண்ணெய் கசியும் பின் சீலையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். கூலி ஒன்று, காரியம் மூன்று. குழாய் பதிக்கச் சுவரை உடைக்கிற அன்றைக்கே எலெக்ட்ரிக் கம்பியையும் உள்ளே விட்டுவிடுவது உங்களுக்குத் தெரியாத வித்தையா?

பெண் பார்க்கும் படலம்

இப்போது வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். 1999-ல் அமெரிக்காவில் புதிதாகச் சுமார் 65,000 டாலர் விலை சொன்ன கார் இது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், பேரிங் பயமும் 'முட்டை' விளக்கும் சேர்ந்து, விலையை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டன. பிறகு ரசிகர்கள் மனம் மாறி, விலை மெல்ல மறுபடியும் ஏறத் தொடங்கியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காரின் விலை இறங்கலாம். அதன் பிரேக்கும் டயரும் ரேடியேட்டரும் விலை இறங்குவதில்லை. அரண்மனை யானையை ஏலத்தில் மலிவாக எடுக்கலாம். அதற்காக அது தின்கிற கரும்பைக் குறைத்துக்கொள்ளுமா?

ஆகவே முதல் விதி: கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் மேல் போடாதீர்கள். ஒரு பங்கைப் பழுது பார்க்க ஒதுக்கி வைத்த பிறகே விலை பேசுங்கள்.

இரண்டாவது விதி: உங்கள் சொந்தச் செலவில், இந்தக் காரைப் பற்றித் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் கூடாது. பெண் வீட்டார் காட்டும் ஜோசியரிடமே யாராவது பொருத்தம் பார்ப்பார்களா? எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால், பளபளவென்று உலோகத் தூள் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தூள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது இந்த இஞ்சினின் இன்னொரு வியாதி. மெல்லிய காமிராக் குழாயை உள்ளே விட்டு அதையும் பார்த்துவிடலாம். இரண்டு புகைக் குழாய்களில் ஒன்றில் மட்டும் கரி அதிகமாகப் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது விதி: நீங்கள் போகும்போது இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். "நான் வருமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், ஐயா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பின்பக்க மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆறின இஞ்சின்தான் தன் சத்தங்களை ஒளிக்காமல் சொல்லும். கிளப்பியவுடன் புஸ்ஸென்று கொஞ்சம் புகை வந்தால் அதற்காக ஓடிவிட வேண்டாம். படுத்த வாக்கில் இருக்கும் சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் தேங்குவது சகஜம். உடனே நின்றுவிட்டால் சரி.

நான்காவது விதி: காரையே சாட்சி சொல்லச் சொல்லுங்கள். இதன் இஞ்சினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் பொல்லாத ஆசாமி. இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை எல்லை மீறிச் சுழன்றது என்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்கிறது. மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்குப் போக வேண்டிய அவசரத்தில் இரண்டாம் கியருக்குத் தள்ளிவிட்டால், சக்கரங்களே இஞ்சினைப் பிடித்துக் கண்மண் தெரியாமல் சுழற்றும். அப்படி நடந்திருந்தால் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் 2,500 மணி காட்டுகிறது, மீட்டர் ஒரு லட்சம் கிலோ மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். வகுத்தால் சராசரி 40 கிலோ மீட்டர் வேகம், நியாயமாகப்படுகிறது. மீட்டர் 40,000 மட்டும் காட்டினால் சராசரி 16. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஒருவர் ஆயுள் முழுவதும் சைக்கிள் வேகத்திலா ஓட்டியிருப்பார்? மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்!

ஐந்தாவது விதி: காகிதம். எப்போது எண்ணெய் மாற்றினார்கள், எப்போது கிளட்ச் போட்டார்கள் என்பதற்கெல்லாம் ரசீது கேளுங்கள். இங்கிலாந்தில் மூன்று வயதான கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. காரின் நம்பரைக் கொடுத்தால், அந்தச் சோதனைகளில் பதிவான மைல் கணக்கை அரசாங்கமே கட்டணமில்லாமல் காட்டுகிறது. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒரு சோதனை. அந்தச் சீட்டுக்களை அடுக்கிப் பார்த்தால் மீட்டர் பின்னோக்கி நடந்திருக்கிறதா என்பது தெரிந்து போகும்.

கடைசியாக டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்று இருந்தால், அது 2018-ம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. மேலே பட்டை நிறைய இருந்தாலும், வயதான டயர் வயதான டயர்தான். இந்த ரகசியம் எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். இன்றைக்கே உங்கள் வீட்டுக் காரில் பார்த்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சில பேர் இப்படிப்பட்ட காரை வாங்கி, போர்வை போர்த்திக் கொட்டகையில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பண்டிகைக்குப் பண்டிகை எடுத்துக் கட்டும் பட்டுப்புடவை என்று நினைப்பு. ஆனால் அடிக்கடி ஓடி, அடிக்கடி எண்ணெய் மாற்றப்பட்ட வண்டியே ஆரோக்கியமாக இருக்கிறது என்பது மெக்கானிக்குகளின் அனுபவம். நின்றால் பாட்டரி இறங்கும். பிற்கால 996 வண்டிகளில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பாட்டரி இருப்பது முன்பக்கப் பெட்டிக்குள்ளே. அந்தப் பெட்டியின் பூட்டு திறப்பதோ பாட்டரி மின்சாரத்தில்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதை. நல்ல வேளை, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்க உருகு கம்பிப் பெட்டியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓரத்திலும் ஒளிந்திருக்கின்றன. காற்று புகும் வாய் வழியாக உதிர்ந்த இலைகளும் புகுந்து சேரும். மழையில் நனைந்து மக்கி, உலோகத்தை அரிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பம்பரைக் கழற்றிச் சருகை வாரினால் போதும். பெரிய செலவு தப்பும். விளக்குமாறு செய்கிற வேலையை வேறு எந்த விஞ்ஞானமும் செய்துவிட முடியாது!

ஜெர்மனியில் சிக்கனக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்பது போல், சில மாதங்களுக்கு மட்டும் செல்லும் நம்பர் பலகை வாங்கிக்கொள்ளலாம். வரியும் இன்ஷூரன்ஸும் அந்த மாதங்களுக்கே. முப்பது வயது நிறைந்து, நல்ல நிலையிலும் இருக்கும் காருக்குப் பாரம்பரிய வாகனம் என்ற அந்தஸ்தும், அதற்கென்று தனி வரியும் உண்டு. 1997-ல் பதிவான முதல் 996 வண்டிகளுக்கு 2027-ல் அந்த வயது வருகிறது.

ஓட்டுகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. பின்பாரம் கொண்ட இந்த வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பிவிட்டு, பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாரம் முன்னே சாய்ந்து, பின் சக்கரங்களின் பிடி தளர்ந்து, வால் வெளியே வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நிதானமாகக் காலை ஊன்ற வேண்டும். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவரிடம் இந்தக் கார் பசு மாதிரி நடந்துகொள்ளும்.

வாங்கலாமா?

பின்னால் இரண்டு ஆசனங்கள் இருக்கின்றன. குழந்தைகள் உட்காரலாம், மாமியார் உட்கார முடியாது. பெட்ரோல் செலவு உண்டு. இதை வீட்டின் ஒரே காராக வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. ஆனால் பரிசோதித்து வாங்கி, பேரிங்கை மாற்றி, சருகை வாரி, தினமும் கடைக்கும் வேலைக்கும் இதிலேயே போய் வருகிற குடும்பங்கள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. சாதாரண நாளில் சாதாரணக் காராகவும், ஆளில்லாத மலைப் பாதையில் பந்தயக் குதிரையாகவும் இருப்பதுதான் இதன் மகிமை.

கம்பெனியின் கதையைத் திரும்பிப் பாருங்கள். அலமாரியை அறுத்தது நல்ல சிக்கனம். இரண்டு கார்களுக்கு ஒரே கதவு போட்டதும் நல்ல சிக்கனம்தான்; கதவு ஒன்றாக இருந்ததால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. ஆனால் இஞ்சினுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மொத்தப் பாரத்தையும் தாங்குகிற ஒரு சின்னப் பேரிங் இரட்டை வரிசையிலிருந்து ஒற்றை வரிசையாக இளைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை எண்ணிக் கவலைப்பட நேர்ந்தது அதனால்தான்.

பழைய தையல் மெஷினானாலும், பழைய வீடானாலும், பழைய 911 ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. பாரத்தைத் தாங்குகிற இடம் எது? அதை யாராவது கடைசியாகப் பார்த்தது எப்போது? அதற்குப் பதிலாக விற்பவர் ஒரு ரசீதை எடுத்து நீட்டினால் மேலே விலை பேசுங்கள். வர்ணத்தின் பளபளப்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தாரானால், நமஸ்காரம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்!